கேட்பாரற்ற வெள்ளை விளக்கு

கடற்பாசி வியாபாரி பொய் சொல்வான். நானும் சொல்லியிருக்கிறேன். போன வருடத்துச் சரக்கை இந்த வருடத்துச் சரக்கு என்பேன். ஈரம் பட்டிருந்தால், "அதாங்க பதம்" என்பேன். ஆனால் ஓசாக்காவில் எங்கள் சந்தைத் தெருவுக்கு ஒரு நியாயம் உண்டு. லாபமில்லாத பொய்யை அங்கே எவனும் சொல்ல மாட்டான். இப்போது சொல்லப் போவதில் எனக்கு ஒரு காசு லாபமில்லை. நஷ்டம்தான். பேய் வந்து தங்கிய வீட்டுப் பாசியை எவன் வாங்கி சூப் வைப்பான்?

ஆகவே நம்பலாம். இது நடந்தது. என் வீட்டில். என் கண் முன்னால்.

என் பெயர் ஹெய்சோ. முன்கட்டில் கடை, பின்கட்டில் வீடு. நானும் என் மனைவி தோமோயேயும்தான். பிள்ளைகள் டோக்கியோ பக்கம் போய்விட்டார்கள். காலியாகக் கிடந்த மாடி அறைக்கு அந்த வருடம் மார்ச் மாதம் ஒரு பெண் வந்து சேர்ந்தாள்.

தூவா. நார்வேக்காரி. பேர்கன் என்ற ஊர். பள்ளியை முடித்துவிட்டுக் கல்லூரியில் சேரும் முன் ஒரு வருடத்தைச் சும்மா விடுவது அவர்கள் நாட்டு வழக்கமாம். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை ஒரு வருடம் சும்மா இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போவோம். அவர்கள் விமானச் சீட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள்.

ஊர் சுற்றத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவள் ஊற வந்தவள். தண்ணீரில் போட்ட காய்ந்த பாசி எப்படி ஊறும்? அப்படி ஊறினாள். கிமோனோ மடித்தாள். தூரிகை பிடித்து எழுதினாள். முழங்காலை மடித்து உட்காரப் பழகினாள். அது மட்டும் வரவே இல்லை. ஐந்து நிமிடத்தில் கால் மரத்துப்போய் "ஐயோ அத்தை" என்று உருளுவாள். வாசலில் செருப்பைக் கழற்றினால் அதன் மூக்கை வாசல் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று தோமோயே ஒரு தடவைதான் சொன்னாள். அதன் பிறகு என் செருப்பையும் சேர்த்து அவள்தான் திருப்பி வைத்தாள்.

என்னிடம் கற்றது பேரம். கூடவே எங்கள் பழைய வியாபாரிகளின் வணக்கம். ஒருவரை ஒருவர் பார்த்தால், "லாபம் உண்டா?" என்று கேட்க வேண்டும். "ஏதோ ஓடுது" என்று பதில் சொல்ல வேண்டும். இப்போது கிழட்டு வியாபாரிகளைத் தவிர யாரும் அப்படிப் பேசுவதில்லை. தூவாவுக்கு அது பிடித்துப்போனது. தினமும் காலையில் மாடிப்படியில் நின்று கத்துவாள்.

"லாபம் உந்தா, மாமா?"

எங்கள் பாஷையில் அழுத்தமான எழுத்து எதுவும் அவள் நாக்கில் நிற்காது. மீன்கடைக்காரன் அதைக் கேட்கவே காலையில் வந்து நிற்பான். "இன்னொரு தடவை சொல்லு கண்ணு" என்பான். அவளும் சொல்வாள். தெருவே சிரிக்கும். அவள்தான் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பாள்.

இன்னொன்றையும் அவள் தவற விட்டதில்லை. வெளியே கிளம்புகிறவர் "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர் "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். திரும்பி வருகிறவர் வாசலிலேயே "ததாய்மா" என்பார். வந்துட்டேன் என்று பொருள். உள்ளே இருப்பவர் "வா வா" என்பார். யார் சொல்கிறார்கள் என்று பார்க்கக்கூட மாட்டோம். வாய் தானாகப் பதில் சொல்லும்.

ஞாயிறு மாலைகளில் அவள் அம்மா மாரித் போனில் கூப்பிடுவாள். அம்மாவும் மகளும் மழை கொட்டுகிற மாதிரிப் பேசுவார்கள். கடைசியில் போன் என் கைக்கு வரும். எனக்கும் மாரித்துக்கும் பொதுவாக இருந்தது ஒரு பிடி ஆங்கிலம். அதில் ஒரே வாக்கியத்தைத்தான் ஒவ்வொரு வாரமும் சொல்வேன். "யுவர் டாட்டர், மை டாட்டர்." அந்த அம்மாள் சிரிப்பாள். வாக்குக் கொடுத்த மாதிரிதான் அது.

ஆகஸ்ட் பதின்மூன்று.

அன்று மாலை இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் மண் தட்டு வைத்து, சணல் தண்டைக் கொளுத்தி அழைப்போம். பதினாறாம் தேதி மாலை மறுபடி கொளுத்தி அனுப்பிவைப்போம். நல்ல விருந்தாளிகள். வரும் நாளும் தெரியும், போகும் நாளும் தெரியும்.

துறைமுகத்தில் வேலை முடித்து ரயிலைப் பிடித்து நான் தெருமுனைக்கு வந்தபோது ஆறரை மணி. எல்லா வாசலிலும் மெல்லிசாகப் புகை. என் வீட்டைப் பார்த்தேன்.

கால் நின்றுவிட்டது.

கூரை விளிம்பில் ஒரு காகித விளக்கு தொங்கியது. வெள்ளை. பூ இல்லை, கோடு இல்லை. வெறும் வெள்ளை. உள்ளே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளை விளக்கை எல்லா வீட்டிலும் கட்ட மாட்டார்கள். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான். செத்தவருக்கு அது முதல் வருகை. வழி தெரியாது. தடுமாறும். 'இதுதான் உன் வீடு' என்று காட்டத்தான் வெள்ளை.

"தோமோயே! யாரு செத்தது?"

"வந்ததும் வராததுமா என்ன பேச்சு இது?" உள்ளேயிருந்து கத்தினாள். "வாயைக் கழுவிட்டு வாங்க!"

"வாசல்ல வந்து பாருடி."

கரண்டியோடு வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். கரண்டியிலிருந்து சூப் சொட்டிக்கொண்டே இருந்தது. தூவா வாசல் நிலைக்குள்ளே நின்று கை தட்டினாள்.

"அழகா இருக்கு இல்ல? கிகுனோ அம்மாகித்த வாங்கினேன். பாதி விலை! நீங்க சொல்லிக் குதுத்த மாதிரி திரும்பி நதந்தேன், மாமா. கூப்பித்துக் குதுத்தாங்க!"

பேரத்தில் எவ்வளவு பெருமை அந்த முகத்தில்! திட்ட நாக்கு எழவில்லை. எக்கி அந்த விளக்கைக் கழற்றினேன். அப்போதுதான் கீழே மண் தட்டைப் பார்த்தேன். சாம்பல். இன்னும் சூடாக.

"தீயும் வெச்சியா?"

"ஆமா. அத்தை சமையல்ல. நான் தனியா வெச்சேன். அப்ப நீங்க 'ததாய்மா' சொன்னீங்க. நான் 'வாங்க வாங்க' சொன்னேன்."

"நான் இப்பத்தான் வரேன், பொண்ணே."

"இல்ல மாமா. முன்னாதி. விளக்கு ஏத்தின உதனே. குரல் கேத்துச்சு..."

அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. எடுக்க மறந்தவள் போல.

அந்த நேரம் பின்கட்டில் மரத்தரை ஒருமுறை முனகியது. யாரோ மெதுவாகக் கால் மாற்றி வைத்த மாதிரி.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் வாசலில்தான் நின்றோம்.

விளக்கை மடித்து, பாசிப் பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே எடைக்கல்லை வைத்தேன். தூவாவிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று தோமோயே கண்ணைக் காட்டினாள். சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் குளியல் தொட்டியில் முதலில் இறங்குவது நான்தான். மூடியைத் திறந்தேன்.

தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

குளிக்காமல் படுத்தேன்.

பதினாலாம் தேதி காலை. வாசலில் எல்லார் செருப்பும் திரும்பியிருந்தது. மூக்கு வீட்டுக்குள்ளே பார்த்து. செருப்பு வாசலைப் பார்த்தால் ஆள் கிளம்பும் என்று அர்த்தம். உள்ளே பார்த்தால்...

"தூவா, நீ திருப்பினியா?"

"இல்ல மாமா. நான் சரியாத்தான் வெச்சேன்."

கதவைத் தள்ளினேன். கூரை விளிம்பில் வெள்ளை விளக்கு தொங்கியது. பாசிப் பெட்டிக்கு ஓடினேன். எடைக்கல் வைத்த இடத்திலேயே இருந்தது. பெட்டி காலி.

விளக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, காகித விளக்கு செய்து விற்கும் கிகுனோவின் கடைக்குப் போனேன். தூரத்தில் என்னைப் பார்த்ததுமே அவள் கையை ஆட்டினாள்.

"வித்தது வித்ததுதான், ஹெய்சோ. காசைத் திருப்பித் தர மாட்டேன்."

"காசு வேணாம். சும்மா எடுத்துக்கோ."

அவள் முகம் மாறிவிட்டது. "நீ ஒண்ணைச் சும்மா குடுக்கறியா? அப்போ விவகாரம்தான்." விளக்கைத் தொடாமல் பின்னால் நகர்ந்தாள். "எடுத்துட்டுப் போ."

"இது எங்கேயிருந்து வந்தது? உண்மையைச் சொல்லு."

"சொல்லிச் செஞ்சதுதான். வசந்த காலத்துல சாவு, விளக்கு ஒண்ணு வேணும்னு போன்ல சொன்னாங்க. கால்வாய்ப் பக்கம் வீடு. வாங்கிக்க வரலை. நானே எடுத்துட்டுப் போனேன். வீடு இல்ல, ஹெய்சோ. இடிச்சு கார் நிறுத்தற இடமாக்கிட்டாங்க. ஆளுங்க எங்க போனாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல."

"செத்தது யாரு?"

"ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. விளக்கு மட்டும் கடையில கிடந்துச்சு. சாயந்திரம் நான் கடையைப் பூட்டறப்போ உள்ளேயிருந்து..."

"உள்ளேயிருந்து?"

"ஒண்ணுமில்ல. போ. போயிடு."

செத்த ஒருவருக்கு வீடு இல்லை. வீட்டைக் காட்ட வேண்டிய விளக்கு மட்டும் தயார். அதை எங்கே கட்டுகிறார்களோ, அதுதான் வீடு.

அதை என் வாசலில் கட்டியாயிற்று.

பதினைந்தாம் தேதி காலை கோயில் குருக்கள் ஸ்கூட்டரில் வந்தார். அந்த மூன்று நாளும் அவருக்கு ஐம்பது வீடு, அறுபது வீடு. எங்கள் முன்னோர் மாடத்தின் முன் உட்கார்ந்து மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினார். நான் அவர் காதில் விஷயத்தைச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தூவா தேநீர் கொண்டு வந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போங்க. அடுத்த வீடு எங்கேயும் ஓடிடாது."

குருக்கள் வாயைப் பிளந்தார். "அடேங்கப்பா! அந்தக் காலத்து வியாபாரிங்க வீட்டுப் பேச்சு! ஹெய்சோ, உனக்கே இப்படி வராது. எப்படிப் பழக்கினே?"

நான் பழக்கவில்லை.

தோமோயே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் தூவாவின் காலில் இருந்தது. முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தாள். குருக்கள் போனார். மதியம் ஆனது. அப்படியே உட்கார்ந்திருந்தாள். கால் மரக்கவில்லை. ஐயோ அத்தை என்று உருளவில்லை.

அன்று ஞாயிறு. மாலை ஆறு நாற்பதுக்குப் போன் அடித்தது. நான் எடுத்து, எதுவும் பேசாமல், தூவாவின் காதில் வைத்தேன். அம்மா குரல் கேட்டால் சரியாகிவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை.

மாரித்தின் குரல் எனக்கும் கேட்டது. அதே மழை. சிரிப்பு. ஒரு கேள்வி.

தூவா கேட்டாள். தலையைச் சாய்த்து, மரியாதையாகக் கேட்டாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"யாரோ வெளியூர்க்காரங்க. என்ன சொல்றாங்கன்னே புரியல. தப்பான நம்பர் போல."

போனுக்குள்ளே அந்த அம்மாள், "தூவா? தூவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் அணைத்துவிட்டேன். வேறென்ன செய்ய? அந்த ஒரு பிடி ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வார்த்தை ஏது?

அன்று ராத்திரி கடைப் பக்கம் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தேன். தராசுக்குப் பின்னால், என் இடத்தில், தூவா உட்கார்ந்திருந்தாள்.

"லாபம் உண்டா?"

ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில். சுத்தமான பழைய குரல்.

"ஏதோ ஓடுது..."

என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது.

"உக்காரு, ஹெய்சோ."

தூவா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. உட்கார்ந்தேன்.

"யாருங்க நீங்க?"

"இந்த வீட்டு ஆளு."

"எங்க வீட்டு ஆளுங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"வெள்ளை விளக்கு கட்டினீங்க. தீ வெச்சீங்க. வந்துட்டேன்னு சொன்னேன். வாங்க வாங்கன்னீங்க. இன்னும் என்ன வேணும்?"

கணக்கில் ஓட்டை இல்லை. ஆனால் நான் பேரத்தில் பிறந்தவன். ஓட்டை இல்லாத கணக்கிலும் ஒரு தள்ளுபடி கேட்டுப் பார்ப்போம்.

"சின்னப் பொண்ணுங்க. தெரியாம செஞ்சுட்டா."

"மனசார கூப்பிட்டா. என்னை அப்படி யாரும் கூப்பிட்டதே இல்ல."

"கோயில்ல பேரு எழுதி வெக்கறேன்."

"எந்தப் பேரு?"

விலையை மாற்றிப் பார்த்தேன்.

"வருஷா வருஷம் பூசை போடறேன். நல்ல கோயில். வாத்தியம்கூட உண்டு."

"கோயில் குளிரும். வீடு வேணும்."

"சரி. கடைசி விலை சொல்லுங்க. அவளை விட்டுட்டுப் போக என்ன வேணும்?"

தூவாவின் விரல் தராசுத் தட்டை லேசாகத் தட்டியது. டிங்.

"நாளைக்குத் தீ வெப்பீங்க இல்ல? அப்ப வாசல்ல நின்னு, என்னைப் பாத்து, ஒருத்தர் 'போயிட்டு வா'ன்னு சொல்லணும். வீட்டு ஆளுக்குச் சொல்ற மாதிரி. அது போதும். போயிடறேன்."

கேட்க எவ்வளவு மலிவு! இரண்டே சொல். ஆனால் மலிவாகக் கேட்கிறவனிடம்தான் பையைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் பால் குடிக்கும் குழந்தைக்குத் தெரியும். 'போயிட்டு வா' என்றால் வரும். சொன்னவர் வீட்டுக்கு வரும். ஒவ்வொரு ஆகஸ்டும். ஒவ்வொரு தடவையும் யாருக்குள்ளே?

"சொல்லலேன்னா?"

"இங்கேயே இருந்துடறேன். இவ உள்ளே நல்லா இருக்கு." தூவா தன் கையைத் தானே தடவிக்கொண்டாள். "வெதுவெதுன்னு."

டிங்.

பதினாறாம் தேதி பகல் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. தூவாவின் கை நேரத்துக்கு நேரம் குளிர்ந்தது. தோமோயே அந்தக் கையை விடவே இல்லை.

"சொல்லித் தொலைங்களேன்!" என்றாள்.

"வருஷா வருஷம் வரும்டி. நம்ம பேரப்பிள்ளைங்க வந்து போற வீடும் இதுதான்."

"அப்போ இந்தப் பொண்ணோட அம்மாவுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க? யுவர் டாட்டர் மை டாட்டர்னு வாரா வாரம் இளிச்சீங்களே!"

குத்தியது. சரியான இடத்தில் குத்தியது. தீ அணைந்துவிட்டால் அடுத்த ஆகஸ்ட் வரை வழி கிடையாது. அதுவரை தூவா தாங்க மாட்டாள் என்பது அவள் உதட்டின் நிறத்திலேயே தெரிந்தது.

மாலை ஆறே முக்கால். மண் தட்டை வைத்தேன். சணல் தண்டை அடுக்கினேன். மேலே வெள்ளை விளக்கை மடித்து வைத்தேன். அதோடு எரிந்து போகட்டும், வார்த்தை இல்லாமலே வேலை முடியட்டும் என்பது என் கணக்கு.

விளக்கு பற்றியது. சுருண்டது. கருகியது.

தூவா வாசல் நிலையில் நின்றாள். இரண்டு காலும் உள்ளே. முன்னால் அவள் செருப்பு. மூக்கு உள்ளே பார்த்து.

"எரிஞ்சிடுச்சு," என்றேன். "கிளம்புங்க."

"வார்த்தை?"

"பாதி சொல்றேன். 'போ' மட்டும்."

அது சிரித்தது. தூவாவின் வாயால்.

"பேரமா, ஹெய்சோ? ஒரே விலை."

எதிர்வீட்டுத் தீ அணைந்தது. பக்கத்து வீட்டுத் தீ அணைந்தது. தெரு முழுக்கப் புகை மட்டும். எங்கள் தட்டில் இன்னும் நாலு தண்டு.

"மூணு வருஷம் வாங்க. அதுக்கு மேல வேணாம்."

சிரிப்பு.

"ஏழு வருஷம்!"

தண்டு ஒடிந்து விழுந்தது. பொறி பறந்தது.

"இவ சாகறா!" தோமோயே அலறினாள். "மூச்சைப் பாருங்க!"

மூச்சு... இருந்தது. இல்லை. மறுபடி... இல்லை.

கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண்ணுக்குள்ளே எங்கேயோ ஆழத்தில் அந்தப் பொண்ணு. கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி.

ஒரே ஒரு தண்டு.

சொல்லிவிடலாம். சொல்லியே ஆக வேண்டும்.

வாயைத் திறந்தேன்.

தீ நீலமானது. சிறுத்தது.

"போ..." என்றேன். "போயி..."

அப்போது.

"போயித்து... வாங்க."

என் குரல் இல்லை. தோமோயே குரல் இல்லை.

தூவா.

அவளுடைய சொந்தக் குரல். அழுத்தம் நிற்காத அந்த நாக்கு. மரியாதையாக, தலையைக் குனிந்து சொன்னாள். தோமோயே கற்றுக் கொடுத்தபடி.

தீ அணைந்தது.

தெருவில் யாரோ நடந்து போகிற சத்தம். கட்டைச் செருப்பு. டக்... டக்... டக்... முனை திரும்பியது. நின்றது.

ஆள் இல்லை.

கீழே பார்த்தேன். தூவாவின் செருப்பு வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் தோமோயே மேல் சாய்ந்து, "மம்மா, மம்மா" என்று அழுதாள். பிறகு மழை. எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாத நார்வே மழை. இவ்வளவு இனிப்பான பாஷை உலகத்திலே உண்டா என்று நானும் அழுதேன்.

அப்போதும் என் மனம் ஒரு மூலையில் கணக்குப் போட்டது. நானும் சொல்லவில்லை. தோமோயேயும் சொல்லவில்லை. எங்கள் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை. பேரத்தில் பிறந்த புத்தி அப்படி.

வருடம் முடிய ஏழு மாதம் இருந்தது. அந்த வாரமே அவளை அனுப்பிவைத்தோம். மாரித்திடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். விமான நிலையத்தில் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள்.

"போயித்து வரேன், மாமா!"

அதற்கு ஒரு பதில் உண்டு. ஆயிரம் தடவை சொன்ன பதில். அன்று அதை நான் சொல்லவில்லை. "போ, பொண்ணே," என்றேன். "போ."

அவள் முகம் வாடியது. வாடினாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

அடுத்த ஆகஸ்ட் பதின்மூன்று. பூப்போட்ட விளக்கு ஒன்றைக் கட்டினோம். தீ வைத்தோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வந்திருப்பார்கள். வேறு ஒரு சத்தமும் இல்லை. மரத்தரை முனகவில்லை. செருப்பு திரும்பவில்லை. தோமோயே இரண்டு கோப்பை அரிசி மது ஊற்றினாள். நிம்மதியாகத் தூங்கினோம்.

விடியற்காலை நாலே முக்கால். போன்.

பேர்கனில் அப்போது முந்தின நாள் இருட்டுகிற நேரம். மாரித்.

நாங்கள் பேசிய உடைந்த ஆங்கிலத்தை அப்படியே எழுத எனக்குக் கை வராது. அவள் சொன்னது இதுதான்.

"மன்னிக்கணும். எழுப்பிட்டேனா? ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும்."

"தூவா நல்லா இருக்காளா?"

"இருக்கா. மாடியில தூங்கிட்டிருந்தா. கொஞ்சம் முன்னாடி வாசல்ல யாரோ ஒரு வார்த்தை சொன்னாங்க. கதவைத் திறந்தா ஆள் இல்ல. எங்க செருப்பு எல்லாத்தையும் யாரோ வீட்டுப் பக்கம் திருப்பி வெச்சிருக்காங்க. ஊர்ப் பசங்க விளையாட்டுன்னு நினைச்சேன்."

"என்ன வார்த்தை?"

"ததாய்மா."

என் கை போனைப் பிடித்திருந்தது. அது மட்டும் தெரிந்தது.

"நீங்க... பதில் ஏதாவது சொன்னீங்களா?"

"நானா? எனக்கு என்ன தெரியும்? தூவாதான் சொன்னா. மாடியிலேர்ந்து. தூக்கத்துலேயே. உங்க பாஷையில ஏதோ சொன்னா."

தோமோயே எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப கீழ வந்து உக்காந்திருக்கா," என்றாள் மாரித். குரல் மெல்ல உடைந்தது. "காலை மடிச்சு, தரையில. உங்க பாஷைதான் பேசறா. நான் பேசினா யாரோ எவரோன்னு பாக்கறா. அவ என்ன சொல்றான்னு எனக்குச் சொல்லுங்க. போனைக் குடுக்கறேன்."

"வேண்டாம்! மாரித், வேண்டாம்..."

போன் கை மாறியது.

மூச்சு.

பிறகு, எங்கோ ஒரு உலோகத் தட்டில் விரல் படும் சத்தம்.

டிங்.

"லாபம் உண்டா, ஹெய்சோ?"